ஏற்றிவிட இரண்டு பேர்

பதுளையில் முதன்முதலாகப் பலசாலிப் போட்டி நடக்கப்போகிறது என்ற செய்தியை எழுதியவன் நான். ஒரு தமிழ்ப் பத்திரிகையின் மாவட்டச் செய்தியாளன் என்பதால், மண்மேடு சரிந்தாலும் மந்திரி வந்தாலும் எனக்குக் கிடைப்பது ஒரே அளவு இடம்தான். இந்தச் செய்திக்குக் கொஞ்சம் அதிகம் கிடைத்தது. அந்தப் பக்கத்துக்கு வரவேண்டிய விளம்பரம் ஒன்று கடைசி நேரத்தில் வராமல் போனதே காரணம்.

போட்டியை நடத்தியவர் நகரத்து ஹார்ட்வேர் கடைக் குடும்பத்தின் இளைய மகன். கடையின் மேல்மாடியில் முன்பு பெயின்ட் வாளிகள் அடுக்கியிருந்த இடத்தை அவர் ஜிம் ஆக்கியிருந்தார். மூன்று சுவரில் கண்ணாடி. நான்காவது சுவரில் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு: ‘கனமான எடையைத் தனியாகத் தூக்க வேண்டாம். உதவிக்கு ஆளை அழைக்கவும்.’ வங்கி உத்தியோகத்தர்களும் டியூஷன் மாஸ்டர்களும் மாதக் கட்டணம் கட்டி அங்கே இரும்பு தூக்கினார்கள். கீழே கடையில் கூலிக்கு இரும்பு தூக்கியவர்கள் மேலே போக முடியாது. காலில் சப்பாத்து இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை.

பண்டாரவளையில் இரண்டாவது ஜிம் திறக்கப்போவதாகவும், போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வருகிறவர்களுக்குப் பயிற்சியாளர் வேலை நிச்சயம் என்றும் அவர் சொன்னார். நான் அதையும் எழுதினேன். செய்தி வெளியான அன்று காலையிலேயே ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கும் என் தங்கை எனக்குப் போன் எடுத்தாள்.

“அண்ணே, நீ எழுதினது நெசந்தானா? இல்ல வழக்கம்போலவா?”

“நெசந்தான்.”

“அப்ப அவரச் சேத்து விடு.”

‘அவர்’ என்பது அவளுடைய கணவர். தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதியாமல், வெலிமடைச் சந்தையில் மரக்கறி லொறிகளுக்கு மூட்டை ஏற்றும் வேலைக்குப் போனவர். அந்த வேலை செய்கிறவர்களை எங்கள் பக்கத்தில் நாட்டாமி என்போம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருடைய பிடரி உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு உரியதாகிவிட்டது. சில மாதங்களாக இடது கை விரல்கள் மரத்துப்போகத் தொடங்கியிருந்தன. ஒருநாள் பிளேன்டீக் கோப்பை கையிலிருந்து நழுவியபோதுதான் தங்கைக்கு விஷயம் தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கழுத்தெலும்பு தேய்கிறது, இனிமேல் பிடரியில் பாரம் வைத்தால் கை வராமல் போகலாம் என்றார்.

“வேற எங்க டொக்டர் வைக்கிறது?” என்று கேட்டார் மாப்பிள்ளை.

அவர் கேலி செய்யவில்லை. வெளியே வரிசை நீளமாக இருந்தது. டொக்டர் பூசுவதற்கு ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார்.

ஆகவே பயிற்சியாளர் வேலை என்பது என் தங்கைக்குக் கணவருடைய கழுத்து. மின்விசிறிக்குக் கீழே ரீசேட் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் பாரம் தூக்குவதைப் பார்த்து ‘இன்னும் ஒரு தடவை’ என்று சொல்வதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை அவளால் முதலில் நம்ப முடியவில்லை. நம்பிய பிறகு அவள் வேறு எதையும் பேசவில்லை.

ஜிம் உரிமையாளர் மாப்பிள்ளையைச் சுற்றிவந்து பார்த்தார். தோளை அமுக்கினார். தன்னை எல்லோரும் ‘கோச்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்றார்.

“சரிங்க முதலாளி,” என்றார் மாப்பிள்ளை.

கோச் தன் போனில் இருந்த ஒரு வெளிநாட்டுக்காரரின் வீடியோவைப் பார்த்துச் சாப்பாட்டுத் திட்டம் சொன்னார். காலையில் ஓட்ஸ், ஆறு முட்டையின் வெள்ளைக்கரு. மத்தியானம் தோல் நீக்கிய கோழி நெஞ்சு. பின்னேரம் டப்பாவில் வரும் ஒரு மாவு. தங்கை எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டாள்.

“மஞ்சக் கருவ என்ன செய்யிறது?”

“வீசணும் தங்கச்சி.”

“வீசலாம். கோழிக்கிட்ட யாரு போய்ச் சொல்றது?”

கடைசியில் மாப்பிள்ளை ரொட்டியும் கட்டைச்சம்பலும் சாப்பிட்டே பயிற்சி செய்தார். முட்டை இருந்த நாட்களில் முழு முட்டை.

போட்டியில் மூன்று அம்சங்கள்: கயிறு கட்டி லொறி இழுப்பது, பெரிய டயரைப் புரட்டிக்கொண்டே போவது, மணல் மூட்டை சுமப்பது. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் பழைய டிராக்டர் டயர் ஒன்று புல் முளைத்துக் கிடந்தது. அதைக் கயிற்றில் கட்டி இடுப்பில் மாட்டிக்கொண்டு, வேலைக்குப் போவதற்கு முன் மாப்பிள்ளை தோட்டத்து ரோட்டில் இழுப்பார். பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும் பெண்களுக்கு அது தினசரி நிகழ்ச்சியாகிவிட்டது.

“என்னண்ணே, மிச்ச மூணு டயரும் எங்க?”

“தொரைக்கு டிராக்டரு வாங்க வக்கில்ல போல. ஆளப் பூட்டிட்டாரு.”

“மெதுவா இழுங்கண்ணே. ரோடும் சேந்து வந்துறப் போகுது. போன எலெக்சனுக்குப் போட்ட ரோடு.”

மூட்டை அம்சத்துக்கு மட்டும் பயிற்சி வேண்டாம் என்று கோச் சொல்லிவிட்டார். “அண்ணனுக்கு அது தொழில். மீனுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கிறதா? அந்த நேரத்துல டயரப் புரட்டுங்க.” மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். நானும் ஒப்புக்கொண்டேன். தங்கைகூடத் தலையாட்டினாள்.

போட்டிக்கு முன்னோட்டம் ஒன்று எழுதுவதற்காக ஒரு காலை வெலிமடைக்குப் போனேன். லீக்ஸ் வாசனையும் ஈரச் சாக்கு வாசனையும் கலந்த சந்தை. மாப்பிள்ளை ஒரு பழைய சாக்கை மடித்துக் குல்லாய்போல் தலையில் போட்டுக்கொண்டு, முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து நின்றார். “ம்” என்றார். அவருடைய இரண்டு கூட்டாளிகள், ஒருவர் நெட்டை, மற்றவருக்கு முன்பல் இல்லை, ஆளுக்கொரு முனையைப் பிடித்து மூட்டையைத் தூக்கி அவர் பிடரியில் வைத்தார்கள். அவர் நிமிர்ந்து, லொறியில் சாய்த்திருந்த பலகையில் ஏறிப் போனார். திரும்பி வந்தார், குனிந்தார், “ம்” என்றார். ஒரு லொறி நிறையும்வரை மூன்று பேருக்கும் இடையில் வேறு பேச்சு இல்லை. நான் படம் எடுத்தேன். கொழும்பில் செய்தி ஆசிரியர் அதற்கு ‘உருளைக்கிழங்கு மூட்டையே இவருக்கு உடற்பயிற்சி’ என்று தலைப்பு வைத்தார். அவர் மூட்டை தூக்கியதில்லை.

போட்டி நாளன்று பதுளை மைதானத்தில் நல்ல வெயில். பிரதம விருந்தினரான அரசியல்வாதி வரும்வரை பலசாலிகள் நிழலில்லாமல் நின்றார்கள். அவர் வந்து விளக்கேற்றி, போதைப்பொருள் பற்றி நீண்ட நேரம் பேசினார். பிறகு மணல் மூட்டை ஒன்றைத் தோளில் வைத்துப் படம் எடுக்க விரும்பினார். நான்கு பேர் அதைத் தூக்கி அவர் தோளில் வைத்து, விழாமல் பின்னால் பிடித்துக்கொண்டார்கள். கைதட்டல் எழுந்தது. அறிவிப்பாளர் மூன்று மொழிகளிலும் அவரைப் பலசாலி என்றார்.

லொறி இழுப்பதில் மாப்பிள்ளை இரண்டாவதாக வந்தார். டயரில் மூன்றாவது. மொத்தப் புள்ளியில் இரண்டாம் இடம். மிச்சமிருந்தது மூட்டை மட்டும். மைதானத்தின் ஓரத்தில் என் தங்கை சோற்றுப் பார்சல்களை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். வெலிமடைக் கூட்டாளிகள் இருவரும் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். தங்கை அவர்களைப் பார்த்துச் சிரித்ததை நான் கவனித்தேன். அவள் மனதில் வேலை கிடைத்துவிட்டிருந்தது.

முன்னால் போன போட்டியாளர்கள் தரையில் கிடந்த மூட்டையைக் கட்டிப்பிடித்து, திக்கித் திணறி வயிற்றுக்கு ஏற்றி, கல்யாண வீட்டிலிருந்து குடித்த மாமாவைக் கொண்டுபோவதுபோல் கொண்டுபோனார்கள்.

“பாவம் மச்சான்,” என்றார் மாப்பிள்ளை என்னிடம். “தூக்கத் தெரியல இவனுங்களுக்கு.”

அவருடைய முறை வந்தது. இடுப்பிலிருந்து பழைய சாக்கை எடுத்து மடித்துத் தலையில் போட்டார். மூட்டைக்கு முதுகைக் காட்டி நின்றார். முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்தார். விசில் ஊதினார்கள். அவர் அசையவில்லை. மைதானம் காத்திருந்தது. நடுவர் நேரக்கடிகாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாப்பிள்ளை, கொஞ்சம் பொறுமை இழந்தவர்போல, “ம்” என்றார்.

கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நெட்டையும் பல் இல்லாதவரும் வந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை என்று சொல்ல முடியாது. ஆளுக்கொரு முனை பிடித்தார்கள், வைத்தார்கள், ஒதுங்கினார்கள். மாப்பிள்ளை நிமிர்ந்து நடந்தார். எல்லைக்கோட்டைத் தொட்டுத் திரும்பி வந்தபோது மூச்சுக்கூட மாறவில்லை. அன்று அத்தனை வேகமாக யாரும் போகவில்லை. அறிவிப்பாளர் சிங்களத்தில் சாதனை என்று அறிவித்து முடித்து, தமிழுக்கு மாறும்போது நடுவர் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

கொழும்பிலிருந்து வந்த அந்த நடுவர் அமைதியான மனிதர். போட்டியாளர் மூட்டையைத் தானே தூக்க வேண்டும் என்று சிங்களத்தில் விளக்கினார்.

“அவருதானே கொண்டு போனாரு?” என்றார் நெட்டை. “நாங்களா போனோம்?”

“நீங்க ஒதவி செஞ்சீங்கன்னு சொல்றாரு,” என்றார் கோச்.

“ஒதவியா? ஏத்தித்தானே விட்டோம்.”

“அண்ணே, தரையிலருந்து தனியாத் தூக்கணும். அதுதான் ரூல்.”

“தனியா எவன் முதலாளி மூட்ட தூக்குவான்?” என்றார் பல் இல்லாதவர், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவராக.

கோச்சின் ஜிம்மில் சிவப்பு எழுத்தில் இருந்ததும் அதுதான். ஆனால் அவர் அந்தச் சுவரை மைதானத்துக்குக் கொண்டுவரவில்லை.

நடுவர் இரக்கப்பட்டு இன்னொரு வாய்ப்பு கொடுத்தார். மாப்பிள்ளை சாக்கைக் கழற்றிவிட்டு, முதல் தடவையாக மூட்டையை நேருக்கு நேர் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவருடைய கழுத்துக்குப் பின்னால் மட்டுமே இருந்த பொருள் அது. எங்கே பிடிப்பது என்று தெரியாமல் ஒரு தடவை சுற்றிவந்தார். கைகளை அடியில் கொடுத்து இழுத்தார். மூட்டை முழங்கால்வரை வந்தது. அங்கே அவருடைய இடது கை விரல்கள் விட்டுவிட்டன.

நான்காம் இடம்.

மரத்தடியில் தங்கை பார்சல்களைப் பிரித்தாள். கூட்டாளிகள் இருவரும் கிட்ட வராமல் கயிற்றருகே நின்றார்கள். மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தி, “அவனுகளத் திட்டாத. கூப்பிட்டது நான்தான்,” என்றார். அவள் திட்டவில்லை.

“வாங்கண்ணே, சாப்பிட,” என்று அவர்களைக் கூப்பிட்டாள். “சோத்த நீங்களேதான் தூக்கிச் சாப்பிடணும். ஊட்டி விட ஆளில்ல.”

அவர்கள் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். அவள் தன் பார்சலை மூடி, அப்படியே பையில் திருப்பி வைத்தாள்.

என் செய்தியில் கொழும்பு வைத்துக்கொண்டது கொஞ்சம்தான். வெற்றி பெற்றவரின் பெயர், ‘ஏனையோருக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது’ என்ற வரி, அரசியல்வாதியின் படம். பின்னால் பிடித்திருந்த நான்கு பேரையும் வெட்டிவிட்டிருந்தார்கள். பண்டாரவளை ஜிம் இன்னும் திறக்கவில்லை. நான் போய்ப் பார்த்தபோது அங்கே பெயின்ட் வாளிகள் இருந்தன.

போட்டிக்கு அடுத்த வேலைநாளில் லீக்ஸ் விலை பற்றி எழுதுவதற்காக வெலிமடைக்குப் போனேன். முதல் லொறி பின்பக்கம் திறந்து நின்றது. மாப்பிள்ளை வழக்கம்போலத் தலையில் சாக்கைப் போட்டுக் குனிந்து, “ம்” என்றார். மூட்டை வரவில்லை. நெட்டை வந்து அவர் தலையிலிருந்த சாக்கை உருவித் தன் தலையில் போட்டுக்கொண்டு, அவருக்கு முன்னால் குனிந்தார்.

“என்னடா இது?”

“ஏத்து.”

“ஒனக்கென்ன கிறுக்கா?”

“அன்னைக்கு ஊரே பாத்துச்சு, ஒனக்குத் தூக்கத் தெரியாதுன்னு,” என்றார் நெட்டை, குனிந்தபடியே. “எங்களுக்கு வெக்கமா இருக்கு. பழகு.”

பல் இல்லாதவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, “பிடிடா. லொறிக்காரன் பாக்குறான்,” என்றார். மாப்பிள்ளை மறுமுனையைப் பிடித்தார். முதல் மூட்டை கோணலாக ஏறி நெட்டையின் காதை மூடியது. “காத விட்டுட்டுப் பிடரியில வைடா,” என்று மூட்டைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

அன்றிலிருந்து அந்த இருவர் மாறி மாறிச் சுமக்கிறார்கள். மாப்பிள்ளை ஏற்றிவிடுகிறார். விரல்கள் இன்னும் மரத்துப்போகின்றன, ஆனால் கோப்பை நழுவுவதில்லை. தங்கையிடம் இதையெல்லாம் சொன்னபோது அவள் உடனே சந்தோஷப்படவில்லை.

“அப்ப அவங்க கழுத்துக்கு?” என்று கேட்டாள்.

மாப்பிள்ளை டீயைக் குடித்தார். நானும் குடித்தேன். அடுத்த வருஷமும் போட்டி நடக்குமாம், செய்தி போடச் சொல்லி கோச் போன் எடுத்திருந்தார். அதை அவளிடம் நான் சொல்லவில்லை.