அக்காவுக்கு ஒரு கைத்துப்பாக்கி

எந்தக் கைத்துப்பாக்கியை வாங்கலாம் என்று அக்கா என்னிடம் போனில் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். ராஸ் அல் கைமாவில் எங்கள் குடியிருப்புக்கு வெளியே சிமெண்ட் ஆலை பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். தேதிகள் எல்லாம் என் டைரியில் இருக்கின்றன. இங்கே கிழமைகள் போதும்.

"டேய், கிளப்புக்குப் போய்ச் சுடுறியே, நோட்டுல எல்லாம் எழுதி வச்சிருக்கேன்னு சொன்னியே. அதைப் பாத்து நல்லதா ஒண்ணு சொல்லு."

"யாருக்குக்கா?"

"எனக்குத்தான். இடுப்புல வச்சுக்கிட்டு நடக்கணும். வெளிய தெரியக் கூடாது."

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். டெக்சாஸில் ஒரு சிறிய ஊரில் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருக்கிறாள். அத்தானுக்கு வேறு ஊரில் வேலை. சனி ஞாயிறுக்குத்தான் வீட்டுக்கு வருவார். அதற்கு முந்தைய வருடம் ஒரு மதியம், கடைக்குள் வந்த ஒருவன் சட்டையைத் தூக்கி இடுப்பிலிருந்த துப்பாக்கியைக் காட்டி, வலி மாத்திரைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். யாருக்கும் காயமில்லை. ஆனால் அன்றிலிருந்து கடையின் பின்கதவிலிருந்து கார் நிற்கிற இடம் வரை, நாற்பது அடி தூரத்தை, அவளால் தனியாகக் கடக்க முடியவில்லை. கடையில் வேலை பார்க்கும் பெண் கூட வர வேண்டும். அந்தப் பெண் விடுப்பு எடுத்தால் அன்றைக்குக் கடையே கிடையாது. இப்படியே போனால் கடையை விற்றுவிட வேண்டியதுதான் என்று என்னிடம் இரண்டு முறை சொல்லியிருந்தாள். வகுப்புக்குப் போய், தேர்வு எழுதி, உரிமமும் வாங்கிவிட்டாள். துப்பாக்கி மட்டும்தான் பாக்கி.

"இங்க கடைக்காரன் பொம்பளைன்னு பாத்த உடனே சின்னதா, ரோஸ் கலர்ல ஒண்ணை எடுத்து நீட்டுறான்டா. பொம்மைக் கடைக்கு வந்த மாதிரி இருக்கு. நீன்னா எண்ணிச் சொல்லுவ."

எண்ணித்தான் வைத்திருந்தேன். இந்த ஊரில் என்னைப் போல வேலைக்கு வந்தவன் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. வைத்திருக்க வேண்டிய தேவையும் வந்ததில்லை. ஆனால் ஊருக்கு வெளியே சுடும் கிளப் ஒன்று இருக்கிறது. அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனால், அவர்களுடைய கைத்துப்பாக்கிகளால் அட்டைக் குறிகளைச் சுடலாம். ஆலையிலிருந்து ஒருமுறை எல்லோரையும் அழைத்துப் போனார்கள். மற்றவர்கள் அதோடு விட்டார்கள். நான் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை என்று ஐந்து வருடமாகப் போகிறேன். போர் வரலாறுகளை நிறையப் படித்ததால் வந்த ஆர்வம் என்று வைத்துக்கொள்ளலாம்.

என் வேலை ஆலையின் சோதனைக்கூடத்தில். சிமெண்டை மணலோடு குழைத்து அச்சில் ஊற்றி, இறுகிய கட்டைகளை நாள் கணக்கு வைத்து உடைத்துப் பார்த்து, எவ்வளவு தாங்கியது என்று பதிவேட்டில் எழுதுவது. அந்தப் பழக்கத்தில் கிளப்பிலும் ஒரு நோட்டு வைத்திருந்தேன். எந்தத் துப்பாக்கி, எந்த வகைத் தோட்டா, எத்தனை சுட்டேன், எத்தனை முறை சிக்கியது. சிக்குவது என்றால், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறித்து விழாமல் மாட்டிக்கொள்வது, அல்லது அடுத்த தோட்டா மேலே ஏறாமல் நின்றுவிடுவது. இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிறவர்களுக்கு மற்ற குணங்கள் எல்லாம் இதற்கு அப்புறம்தான். தேவைப்படும் அந்த ஒரு தடவை அது நின்றுவிடக் கூடாது.

கிளப்பில் ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா போடும் சின்னத் துப்பாக்கி ஒன்று இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும், எடை கம்மி. என் நோட்டில் அது அறுநூறுக்கு மேல் சுட்டிருந்தது. சிக்கியது: பூஜ்யம். அக்காவுக்கு அதைத்தான் எழுதி அனுப்பினேன். பக்கத்தைப் படம் எடுத்தும் அனுப்பினேன். மறுநாளே அவள் தன் ஊர்த் துப்பாக்கிக் கடையில் அதே ரகத்தைத் தனக்காக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டாள். இந்தியாவுக்குப் போய்த் திரும்பியதும் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

மதுரையில் ஒரு கல்யாணம். போகிற வழியில் எங்களோடு ஐந்து நாள் தங்க வந்தாள். புதன்கிழமை வந்து இறங்கியவள் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, "எங்கடா உன் கிளப்பு?" என்றாள்.

"துப்பாக்கி பாக்கறதுக்காக அமெரிக்காவுல இருந்து அரபு நாட்டுக்கு வர்ற ஒரே ஆள் நீங்கதான் அண்ணி" என்றாள் என் மனைவி.

கிளப்புக்குச் சனிக்கிழமைதான் நேரம் கிடைத்தது. அதுவரை சும்மா இருக்க என்னால் முடியவில்லை. எங்கள் சோதனைக் கட்டை பதினாறு சென்டிமீட்டர் நீளம். குறுக்கே நான்குக்கு நான்கு. எடை அறுநூறு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. தோட்டா நிரப்பிய அந்தச் சின்னத் துப்பாக்கியும் ஏறக்குறைய அதே நீளம், அதே எடை. வீட்டில் காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். அதை எடுத்துக் கழுவி, அக்காவிடம் கொடுத்தேன்.

"இதை வச்சுக்கிட்டு ஒரு நாள் நடந்து பாரு. உறுத்துதா, வெளிய தெரியுதான்னு பாப்போம்."

"சிமெண்டையா?"

"எடை சரியா இருக்கும்கா."

வியாழக்கிழமை மாலை மூன்று பேரும் ஹைப்பர் மார்க்கெட்டுக்குப் போனோம். அக்கா முதலில் நாடா வைத்த சல்வார்தான் போட்டிருந்தாள். லிஃப்டுக்குள்ளேயே கட்டை சரிந்து தொடைக்குப் போய்விட்டது. திரும்பி மேலே வந்து, பேண்ட் போட்டு, என் பெல்ட்டைக் கட்டிக்கொண்டாள். அதற்கு மேல் முழங்கால் வரை தொங்கும் குர்தா.

"போலீஸ் பிடிச்சா என்னன்னு சொல்லுவீங்க? சிமெண்ட் கடத்துறோம்னா?" என்று மனைவி கேட்டுக்கொண்டே வந்தாள்.

"சாம்பிள்னு சொல்லுவேன்" என்றாள் அக்கா.

நான் நாலு அடி பின்னால் நடந்து கவனித்தேன். நேராக நடக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. மேல் அடுக்கிலிருந்து கடலை மாவு எடுக்கக் கையைத் தூக்கியபோது குர்தாவின் பக்கவாட்டு வெட்டு விலகி, சாம்பல் நிறத்தில் ஒரு முனை எட்டிப் பார்த்தது. உடனே மனைவி ட்ராலியைக் குறுக்கே விட்டு மறைத்தாள். பிறகு இரண்டு பேரும் மசாலா வரிசையில் நின்று, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். நான் அதையும் நோட்டில் குறித்தேன்: வெட்டுக்கு மேல் ஒரு பொத்தான் வைத்துத் தைக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்தும் இடுப்பு வலிக்கவில்லை என்றாள். எல்லாம் சரியாகப் போவதாகவே எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை காலை கிளப்பில் எங்களுக்குக் கிடைத்த கண்காணிப்பாளர் பெஷாவர்காரர். ஐந்து வருடப் பழக்கம். அக்காவுக்குக் காதுமூடியும் கண்ணாடியும் மாட்டிவிட்டு, எங்கே நிற்க வேண்டும், விரல் எங்கே இருக்க வேண்டும் என்று காட்டினார். அக்கா தன் ஊரில் வகுப்பில் படித்தவள்தான். ஆனால் அங்கே கொடுத்தது பெரிய, கனமான துப்பாக்கி. சின்னதை அன்றுதான் முதல் முறையாகக் கையில் வாங்கினாள்.

முதல் தோட்டா அட்டையில் பட்டது. இரண்டாவதும் பட்டது. மூன்றாவது சுட்டதும் துப்பாக்கி நின்றுவிட்டது. வெற்றுக்கூடு மேல் திறப்பில் செங்குத்தாக, புகைபோக்கி மாதிரி நின்றிருந்தது.

"தோட்டா சரியில்லை" என்றேன். கண்காணிப்பாளர் கூட்டை எடுத்துப் போட்டு, வேறு பெட்டி பிரித்தார். அக்கா மறுபடி சுட்டாள். ஐந்தாவதில் நின்றது. வேறு தோட்டா, வேறு தயாரிப்பு. இரண்டாவதிலேயே நின்றது.

அறுநூறில் பூஜ்யம் என்று நான் எழுதிய துப்பாக்கி அது. அதே துப்பாக்கிதானா என்று அடியில் எண்ணைப் பார்த்தேன். அதேதான். நான் வாங்கிச் சுட்டேன். நிரப்பிய தோட்டாக்கள் அத்தனையும் ஒரு தடங்கல் இல்லாமல் போயின. அக்காவிடம் கொடுத்தேன். நாலாவதில் நின்றது.

கண்காணிப்பாளர் என்னைப் பார்த்து உருதுவில் மெதுவாகச் சொன்னார்: "பாய், துப்பாக்கியில ஒண்ணுமில்ல. மேடத்தோட மணிக்கட்டு பின்னால மடங்குது. சுடும்போது பின்னால உதைக்குதே, கூட்டை வெளிய தள்ளுற வேகமே அந்த உதையில இருந்துதான் வருது. கை அசையாம எதிர்த்து நின்னாத்தான் அது வேலை செய்யும். பெரிசு கனமா இருக்கும், மன்னிச்சு விட்டுடும். சின்னது மன்னிக்காது."

நான் அதைத் தமிழில் சொன்னதும் அக்கா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். எட்டு வருடத்துக்கு முன் அவள் கடையில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து அந்த மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டார்கள். அதன் பிறகு அந்தக் கையால் ஊறுகாய் பாட்டில்கூடத் திறக்க மாட்டாள். அவள் விழுந்த நாளும், கட்டுப் போட்ட நாளும், பிரித்த நாளும் என் டைரியில் இருக்கின்றன. அதே கையெழுத்தில் இன்னொரு நோட்டில் துப்பாக்கிக் கணக்கும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்க எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் சோதனைக்கூடப் பதிவேட்டில் ஒவ்வொரு வரியிலும் 'சோதித்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. ஒரே சிமெண்ட், ஆனால் குழைக்கிற கை மாறினால் முடிவு மாறும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வருகிற ஆட்களை நான் திட்டாத வாரமில்லை. என் துப்பாக்கி நோட்டில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. எப்போதும் நானே சுட்டதால் அதற்கு அவசியம் இருப்பதாக நினைக்கவில்லை.

வெளியே வந்து நிழலில் உட்கார்ந்தோம். நான் அனுப்பிய நோட்டுப் பக்கத்தைப் பார்த்துத்தான் அவள் அந்தச் சின்னதை எடுத்து வைக்கச் சொன்னாள். அவள் இந்த வழியாக வராமல் நேரே மதுரைக்குப் போயிருந்தால், திரும்பியதும் அதை வாங்கிக் கட்டிக்கொண்டு, என் பூஜ்யத்தை நம்பி அந்தப் பின்கதவைத் திறந்திருப்பாள்.

"தப்பாச் சொல்லிட்டேன்கா" என்றேன்.

"தப்பு எங்க? உன் கைக்குச் சரியாத்தானே எழுதியிருக்க." அவள் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினாள். "இந்தா, மூடியைத் திறந்து குடு. அப்புறம் உள்ள போயி பெரிசை எடு."

திரும்பவும் உள்ளே போனோம். முதலில் ரிவால்வர் கொடுத்தார்கள். அதில் சிக்கல் இல்லை. மணிக்கட்டு எப்படி இருந்தாலும் தோட்டா இருக்கும் உருளை சுற்றும். ஆனால் விசை அவளுக்கு மிகவும் இறுக்கம். இழுக்க இழுக்க முனை தாழ்ந்து, அட்டையின் அடிப்பக்கம் முழுக்க ஓட்டைகள். பிறகு நடுத்தர அளவில் ஒன்று: சின்னதைவிட மூன்று சென்டிமீட்டர் நீளம், கால் கிலோ அதிகம். இரண்டு கையாலும் பிடித்து ஐம்பது சுட்டாள். ஒரே ஒரு முறை நின்றது, அதுவும் கடைசியில், கை சோர்ந்த பிறகு.

"இதுதான்னு எழுதிடவா?" என்றேன்.

"எழுதாத" என்றாள். "ஐம்பதுல ஒண்ணு நின்னிருக்கு. இன்னும் பாக்கணும்."

அன்று மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தன் ஊர்த் துப்பாக்கிக் கடைக்குப் போன் செய்தாள். அங்கே அப்போது காலை. சின்னது வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கடைக்காரன் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "இல்லை, அது நல்ல துப்பாக்கிதான். என் தம்பிக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றாள். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

பெரிதை எங்கே மறைப்பது என்ற கேள்வி அப்படியே இருந்தது. குர்தாவுக்குள் அது நிற்காது. இடுப்பில் மடித்த துண்டை வைத்துப் பார்த்தோம். ஏதோ வயிற்றுக்கட்டி மாதிரி தெரிந்தது. மனைவிதான் கேட்டாள்.

"அண்ணி, கடையில வெள்ளைக் கோட்டு போடுவீங்கள்ல? அதைக் கழட்டாமலே கார் வரைக்கும் போனா என்ன?"

அக்கா அவள் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, இவன் அஞ்சு வருஷமா நோட்டு எழுதுறான். நீ முன்னாடியே வாயைத் திறந்திருக்கக் கூடாதா?"

ஞாயிற்றுக்கிழமை அவளைத் துபாய் விமான நிலையத்தில் விட்டோம். புறப்படும் முன் அவளுடைய கைப்பையைக் கூடத்துத் தரையில் கொட்டி, ஒரு வெற்றுக்கூடுகூட இல்லை என்று பார்த்தேன். சுடும் இடத்தில் அவை எங்கும் தெறிக்கும். ஒன்று பைக்குள் விழுந்து அது மதுரையில் எக்ஸ்ரேயில் தெரிந்தால் கல்யாணத்துக்குப் போக முடியாது. ஒன்றுமில்லை. பழைய பஸ் டிக்கெட்டுகளும் தைல பாட்டிலும்தான் இருந்தன.

டெக்சாஸுக்குத் திரும்பியதும் நடுத்தர அளவையே வாங்கினாள். ஆனால் உடனே கட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அத்தானோடு சுடும் இடத்துக்குப் போய்வந்து எனக்குச் செய்தி அனுப்புவாள். முதல் வாரம் இரண்டு முறை சிக்கியது. அடுத்த வாரம் ஒன்று. பிசியோதெரபி பந்து ஒன்றை வாங்கிக் கடையில் வைத்து, ஆள் இல்லாத நேரத்தில் பிசைந்துகொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நாலு வாரம் தொடர்ந்து ஒன்றும் சிக்கவில்லை. நான் எதையும் எழுதி அனுப்பவில்லை, யோசனையும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டேன்.

எட்டாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை போன் செய்தாள். வேலை பார்க்கும் பெண் அன்று விடுப்பாம்.

"கடை?"

"திறந்தேன். சாயங்காலம் மூடினேன்."

"கார் வரைக்கும்?"

"கோட்டைக் கழட்டாமலே நடந்தேன், உள்ள அது இருந்துச்சு. பாதி வழியில சாவி கீழ விழுந்துடுச்சு."

"ஐயோ. அப்புறம்?"

"அப்புறம் என்ன? குனிஞ்சு எடுத்தேன்."

பின்னால் அவள் வீட்டுக் குக்கர் சத்தம் கேட்டது.

"வைக்கிறேன்டா, ரெண்டாவது விசில் வந்துடுச்சு" என்றாள்.