நான்காம் நாள் ஊசிக்குழாய்

எங்கள் வார்டில் அவளுக்கு ‘ஒரே குத்து’ என்று பெயர். பதினெட்டு வருஷ நர்ஸ் வேலையில் எந்த நரம்பும் அவளிடம் தப்பியதில்லை. நாங்கள் நாலு தடவை குத்திவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்போம். அவள் வந்து ரெண்டு தட்டு தட்டிப் பார்ப்பாள், காரியம் முடிந்துவிடும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. தலையில் தூக்கி வைத்து ஆடியவர்கள் நாங்கள்தான்.

அவளுடைய அண்ணன் நிமோனியாவோடு வந்து படுத்தார். நரம்பெல்லாம் நூல்நூலாக இருந்தது. அவளுக்கே மூன்றாவது குத்தில்தான் கிடைத்தது. பக்கத்தில் நின்ற அண்ணி, “உனக்கே இப்படியா?” என்றார். சும்மாத்தான் கேட்டார். இவளுக்குச் சுருக்கென்றது.

நான்காம் நாள் காலையில் மருந்து ஏற்ற நரம்பில் செருகியிருந்த ஊசிக்குழாயைச் சுற்றிச் சிவந்திருந்தது. தொட்டதும் அண்ணன் கையை இழுத்துக்கொண்டார். உடனே அதை எடுத்துவிட்டு வேறு இடத்தில் போட வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவளுக்கும் தெரிந்த விஷயம் அது. ஆனால் இன்னும் ஒரு நாள் மருந்துதான் பாக்கி. அதற்காக அண்ணி முன்னால் மறுபடியும் தடவித் தடவிக் குத்துவதா? பழைய பிளாஸ்திரியை உரித்துப் புதிதாக ஒட்டி, குழாய் போட்ட நாளை எழுதும் இடத்தில் அன்றைய தேதியை எழுதினாள். நான் பார்த்தேன்; பார்த்தது அவளுக்கும் தெரியும். அவளுக்கா நான் சொல்லிக்கொடுப்பது என்று பேசாமல் போய்விட்டேன்.

மறுநாள் மத்தியானம் அண்ணனுக்குக் கட்டிலே ஆடுகிற மாதிரி நடுக்கம். காய்ச்சல் ஏறியது, பிரஷர் இறங்கியது, பேச்சு குழறியது. டாக்டர் பிளாஸ்திரியைப் பிரித்தார். சீழ். தோலில் சும்மா கிடக்கும் கிருமி குழாய் வழியாக இரத்தத்தில் இறங்கிவிட்டிருந்தது. குழாயைப் பிடுங்கி, பரிசோதனைக்கு இரத்தம் எடுத்து, அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். என்ன கிருமி என்று தெரிந்ததும் அதற்கேற்ற மருந்துக்கு மாற்றினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள். பிழைப்பார் என்று ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் அவள் யாருக்கும் ஊசி போடவில்லை.

பிழைத்தார். இரண்டு வாரம் நரம்பு வழியாக மருந்து போக வேண்டும் என்று சொல்லி வார்டுக்கு அனுப்பினார்கள். அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ கூட இருந்ததாலதான் பொழச்சாரு.”

“இல்ல அண்ணி. என்னாலதான் வந்துச்சு. செவந்திருந்தத பார்த்தேன், எடுக்கல.”

“வேலை மும்முரத்துல மறந்திருப்ப.”

“மறக்கல. மறுபடி குத்தி, கெடைக்கலேன்னா நீங்க பார்ப்பீங்களேன்னு விட்டுட்டேன். தேதிய வேற மாத்தி எழுதினேன். டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்.”

அண்ணி மெல்லக் கையை விட்டார். மருந்து நேரம் வந்தபோது தூங்கிக்கொண்டிருந்த புருஷனின் கையை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

“இனிமே நீங்களே போடுங்கம்மா. உங்கள நம்பலாம்.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலை குனிந்தபடி அந்தக் கையை வாங்கிக்கொண்டேன்.