கீழ் வீட்டில் ஓர் அமெரிக்கக் குடும்பம்

ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டித் தரும் கம்பெனி ஒன்றில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். போன வருடம் லைன் லீடர் வேலைக்கு என்னையும் சேர்த்துப் பதினோரு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டும். சனிக்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்ததும் கேன்டீன் மாடியில் வகுப்பு நடக்கும்.

வகுப்பெடுக்க வந்த மேடத்துக்குப் புத்தகத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. அவர் எங்களை ஒரு பழைய அமெரிக்கத் தொடரைப் பார்க்கச் சொன்னார். ஐம்பது வருடத்துக்கு முந்தையது. ஒரு வீட்டுக் கூடம், அதில் ஒரு குடும்பம். அந்த வீட்டுத் தலைவர் வாயைத் திறந்தால் யாரையாவது ஏசுவார். கறுப்பர்கள், பிழைக்க வந்த வெளிநாட்டுக்காரர்கள், வேலைக்குப் போகிற பெண்கள், ஒருவரையும் விடமாட்டார். வீட்டுப் பிள்ளைகள் அவரை எதிர்த்துப் பேசுவார்கள். பின்னாலிருந்து கூட்டமாகச் சிரிப்புச் சத்தம் வரும்.

"நீங்க மட்டும் பார்த்தா போதாது. வேற யாரையாவது கூட உட்கார வைங்க. அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு கேட்டுட்டு வந்து அஞ்சு நிமிஷம் இங்கிலீஷ்ல பேசணும்" என்றார் மேடம். நான்கு வாரம் தந்தார்.

அப்போது நானும் என் ஊர்த் தோழியும் குன்றத்தூர் ரோட்டில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். இருவரும் சங்கரன்கோவில் பக்கம். அவள் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை செய்தாள். கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவருடைய நிலத்தின் மேல் இப்போது ஒரு கம்பெனியின் குடோன் நிற்கிறது. நிலத்தை விற்றுக் கட்டிய வீடு இது. அதன் பிறகு அவர் வேலைக்கு என்று எங்கும் போகவில்லை. செம்பரம்பாக்கம் ஏரியில் இன்று எத்தனை அடி தண்ணீர் என்று காலையில் எங்களுக்குச் சொல்வதை மட்டும் ஒரு வேலையாக வைத்திருந்தார்.

வீடு கேட்டுப் போன அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்க இன்னா ஆளுங்க?" என்பதுதான். தோழி தன் சாதியைச் சொன்னாள். "ரெண்டு பேரும் ஒரே ஊரா?" என்றார். "ஆமாண்ணே" என்றேன். அது உண்மை. ஒரே ஊர் என்றால் ஒரே ஆட்கள் என்று அவர் எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டார். அவள் தெரு வேறு, என் தெரு வேறு என்பதை நான் சொல்லவில்லை. அதற்கு முன் மூன்று வீடுகளில் சொல்லிப் பார்த்திருந்தேன். பதினோரு மாதம் அந்தப் படியில் ஏறி இறங்கும்போதெல்லாம் என் காது கீழ் வீட்டின் பக்கமே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாடிப்படியில் உட்கார்ந்து போனில் அந்தத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா, அதாவது வீட்டுக்காரரின் மனைவி, துணி காயப்போட வந்தவர் நின்றார்.

"இத்தினூண்டு போன்ல பாத்தா கண்ணு இன்னாத்துக்கு ஆவும்? கீழ வந்து டிவில போட்டுப் பாரு."

அப்படித்தான் கூடத்தில் நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்தோம். நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். பாதி புரிந்து சொன்னது, மீதி ஊகித்துச் சொன்னது.

முதல் அரைமணி நேரத்திலேயே வீட்டுக்காரர் அந்த மனிதருடைய கட்சியில் சேர்ந்துவிட்டார். "கரீட்டா சொல்றான் பாரு! வெளியூர்லந்து வந்துகினே இருந்தா உள்ளூர்க்காரன் எங்க போவான்?" என்று தொடையில் தட்டினார். வெளியூரிலிருந்து வந்த நாங்கள் இருவரும் எதிரே உட்கார்ந்திருக்கிறோம் என்று அக்கா கண்ணால் காட்டினார். "இவங்க வேற" என்றார் அவர். "இவங்க வாடகைக்கு கீறவங்க."

தோழிக்கு எரிச்சல். "அந்தாளு பேசுததுக்கு ஏன் எல்லாரும் சிரிக்காங்க? வாயில ஒண்ணு போடாண்டாமா?" என்றாள்.

"அவங்கோ அவன பாத்துதான் சிரிக்கிறாங்கோ. இவரு அது தெரியாம கூட சேந்து சிரிக்கிறாரு" என்றார் அக்கா, பீன்ஸ் நறுக்கிக்கொண்டே. வீட்டுக்காரர் கேட்காதவர் போல் ஒலியைக் கூட்டச் சொன்னார்.

அந்த வாரம் பஸ்ஸில் போகும்போது தொடருக்குக் கீழே ஜனங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். அங்கேயும் எங்கள் கூடம்தான். ஒருவர் தன் அப்பா அச்சு அசல் இப்படித்தான் என்று எழுதி, அவர் செத்த பிறகு இதைப் பார்த்தால் அழுகை வருகிறது என்றிருந்தார். இன்னொருவர், இப்படி ஒரு தொடரை இன்றைக்கு எடுக்க விடுவார்களா என்று கேட்டிருந்தார். அந்த மனிதர் சொன்னதெல்லாம் உண்மை என்று ஒரு கூட்டம், அவரைக் கேலி செய்யத்தான் எடுத்தார்கள் என்று இன்னொரு கூட்டம். ஒரே காட்சிக்கு இரண்டு கூட்டமும் சிரித்திருந்தது. நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறு போட்ட கதையில், அந்தத் தெருவில் ஒரு கறுப்புக் குடும்பம் வீடு வாங்குகிறது. வீட்டுத் தலைவர் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறார். சிரிப்புச் சத்தம் எழுந்தது. நான் அந்த வார்த்தையை விட்டுவிட்டு அடுத்ததைச் சொல்லப் போனேன்.

"இரு இரு. எல்லாரும் சிரிச்சாங்க, நீ ஒண்ணும் சொல்லலியே?" என்றார் வீட்டுக்காரர்.

"அது ஒண்ணும் இல்லண்ணே. அந்த ஆளுங்கள வையுதாரு."

"அதான் இன்னான்னு வையுறான்?"

தோழி என் முழங்காலை அழுத்தினாள், வேண்டாம் என்பதுபோல. நான் ஏன் சொன்னேன் என்று இன்றுவரை சரியாகத் தெரியவில்லை. பதினோரு மாத அலுப்பாக இருக்கலாம்.

"நம்ம ஊர்ல சொல்ற மாதிரிண்ணே. காலனி ஆளுங்கல்லாம் நம்ம தெருவுல வந்துட்டா என்ன ஆகும்னு கேக்காரு."

அவர் பெரிதாகச் சிரித்தார். "அதான பாத்தேன்! எந்த ஊரா இருந்தா இன்னா?"

"நானும் காலனிதாண்ணே" என்றேன்.

தொடர் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்காரர் என் தோழியைப் பார்த்தார். "அவ இல்லண்ணே, நான் மட்டும்தான். அன்னைக்கு நீங்க கேக்கையில நான் சொல்லல" என்றேன். அவர் எழுந்தார், சட்டையை மாட்டினார், வெளியே போய் வண்டியைக் கிளப்பினார்.

அக்கா நறுக்கிய காயைத் தண்ணீரில் போட்டார். பிறகு, "எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்பக்கா?"

"நீ வந்த ரெண்டாம் மாசமே. எதுக்கோ சாதி சர்டிபிகேட் ஜெராக்ஸ் எடுத்துனு வந்து படியில உட்டுட்டுப் போனியே, நான்தான மேல கொண்டாந்து குடுத்தேன். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"ஏங்க்கா ஒண்ணும் கேக்கல?"

"சொல்லணும்னா நீ சொல்லப்போற. நான் இன்னாத்துக்கு கேக்குறது?"

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்தபடி அழுதேன். பயத்தில் இல்லை. பத்து மாதமாக இந்த அம்மாள் எல்லாம் தெரிந்துதான் எனக்குக் குழம்பு கொடுத்தனுப்பியிருக்கிறார், என் தலையில் பூ வைத்துவிட்டிருக்கிறார். நான் மாடியில் வாசல் காத்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் அங்கே காக்க ஒன்றும் இருக்கவில்லை.

ஆனால் வீட்டுக்காரர் இருந்தாரே. அந்த வாரம் அவர் எங்களிடம் ஏரித் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. நாங்கள் வந்தால் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். தோழி வாலாஜாபாத் பக்கம் ஒரு வீடு விசாரித்து வைத்தாள். "போவோம்ட்டி, அவர் காலி பண்ணச் சொல்லி நாம போகாண்டாம்" என்றாள். நான் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வெளியே வைத்தேன். ஆனாலும் அந்த ஏழு நாளும் நான் நன்றாகத் தூங்கினேன். வீடு போனால் போகட்டும், மறைக்க ஒன்றும் பாக்கி இல்லை என்ற நினைப்பே உடம்பை லேசாக்கியிருந்தது.

அடுத்த ஞாயிறு நாங்கள் கீழே போகவில்லை. பதினோரு மணி இருக்கும், படியில் செருப்புச் சத்தம். வீட்டுக்காரர் வாசலில் நின்றார். அறைக்குள் கண்ணை ஓட்டினார். பெட்டியைப் பார்த்தார்.

"இன்னா, ஊருக்கா?"

"இல்லண்ணே. வீடு பாத்திருக்கோம்."

"யாரு காலி பண்ணச் சொன்னது?"

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பேசும்போது எங்களைப் பார்க்கவில்லை.

"அந்த ஆளு கீறான் பாரு, பசங்க கையில தோத்துகினே கீறான். தோத்தது கூட தெரியாம கத்திகினு கீறான். என்னையும் அப்டித்தான பாத்து சிரிச்சிகினு இருந்தீங்கோ?"

"இல்லண்ணே" என்றேன்.

"பொய் சொல்லாத."

"கொஞ்சம் சிரிச்சோம்" என்றாள் தோழி.

அவர் முகம் இறுகியது, பிறகு தளர்ந்தது. "எங்க வூட்ல ஒரு வாரமா எனக்குச் சரியா சோறு போடல" என்றார். "பேசவும் இல்ல. வந்து போடு, அந்த ஆளு இன்னா ஆனான்னு பாப்போம்."

மன்னிப்பு என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்துப் பக்கத்துப் போர்ஷனுக்கு ஆள் வந்தபோதும் "நீங்க இன்னா ஆளுங்க?" என்று வாயெடுத்தார். அக்கா உள்ளேயிருந்து இருமினார். "…எந்தக் கம்பெனி?" என்று முடித்துக்கொண்டார். அவர் அவ்வளவுதான் மாறினார். எனக்கு அது போதுமா என்றால், போதாது. ஆனால் அன்று படியில் இறங்கிப்போய்க் கூடத்தில் உட்கார்ந்தபோது, முதல்முறையாகச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தேன்.

வகுப்பில் ஐந்து நிமிடம் பேசச் சொன்ன இடத்தில் ஒன்பது நிமிடம் பேசினேன். ஆங்கிலம் ஆங்காங்கே உடைந்தது. நான்கு பேர் பார்த்தோம், நான்கு பேரும் நான்கு விதமாகச் சிரித்தோம் என்று தொடங்கினேன். என் வீட்டுக் கதையையும் சொன்னேன். பின் வரிசையில் என் லைனைச் சேர்ந்த பெண் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே வரும்போது என் கையைப் பிடித்து, "நானும்தான்க்கா. இன்னும் சொல்லல" என்றாள். அவசரப்படாதே என்றேன்.

அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டேன். இந்த வீட்டுக்கு வரட்டுமா என்று அம்மா பலமுறை கேட்டும், ஓவர்டைம் இருக்கிறது, லீவு இல்லை என்று தட்டிக்கழித்துக்கொண்டே வந்திருந்தேன்.

"கிளம்பி வா, பத்து நாள் இருந்துட்டுப் போ" என்றேன்.

"வீட்டுக்காரங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"அவங்களுக்குத் தெரியும்மா."

அம்மா கேட்டாள்: "குழம்பு குடுப்பாங்கன்னு சொல்லுவியே, அந்தக்கா கருவாடு சாப்பிடுவாங்களா? கொண்டாரட்டா?"