மூன்றாகப் பிரித்த திரை

எனக்கு ஓரிடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல இருக்க வராது. ஜெர்மனியின் கொலோனில், டிராமில் இருக்கை காலியாக இருந்தாலும் வாசல் பக்கம் நின்றுகொண்டுதான் போவேன். தண்ணீர் கொதிக்கும்வரை அடுப்படியில் நிற்கப் பொறுமையில்லாமல் தேநீரைப் பாதிச் சூட்டில் குடித்தவள். இப்படிப்பட்ட என்னை இணையப் பக்கங்கள் செய்யும் ஆஸ்பில்டுங்கில், அதாவது தொழிற்பயிற்சியில், கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் திறந்து முடிவதற்குள் தலை வாரிப் பின்னிவிடலாம் என்ற காலம் அது. இரண்டாயிரத்துகளின் தொடக்கம்.

அதனால்தான் ஃபிரேம் என்ற சங்கதியைக் கற்றுக்கொண்ட அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. திரையை நம் விருப்பப்படி துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கோப்பு. மேலே தலைப்பு, இடப்பக்கம் ஒல்லியாக ஒரு பட்டியல், வலப்பக்கம் பெரிய இடம். பட்டியலில் ஒன்றை அமத்தினால் வலப்பக்கம் மட்டும் மாறும், மற்ற இரண்டும் அசையாமல் அப்படியே இருக்கும். முழுப் பக்கமும் மறுபடி வரக் காத்திருக்கத் தேவையில்லை. என்னைப் போன்ற பொறுமை கெட்டவளுக்காகவே யாரோ கண்டுபிடித்தது என்று நினைத்தேன்.

எங்கள் ஆசிரியை ஒரு ஜெர்மன்காரி, நல்ல மனுசி, ஆனால் எதற்கும் ஒரு 'ஆனால்' வைத்திருப்பார். "கவனம்," என்றார். "உள்ளே எதைத் திறந்தாலும் உலாவியில் மேலே இருக்கும் முகவரி மாறாது. வீட்டில் எத்தனை அறை இருந்தாலும் நீ அடுத்தவருக்குக் கொடுக்கக்கூடியது வாசல் முகவரி மட்டும்தான்."

முகவரி மாறாமல் இருந்தால் அழகுதானே, இதில் என்ன குறை என்று வாதாடினேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். வென்றுவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமையோடு எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு தளம் செய்தேன். தலைவர் அண்ணைக்கு எல்லாம் ஓட வேண்டும், எல்லாம் மின்ன வேண்டும். குத்துவிளக்குச் சுடர் ஆடியது, சங்கத்தின் பெயர் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஊர்ந்தது. பட்டியலுக்குக் கீழே, எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண்ணி ஒன்று. திறந்ததும் வலப்பக்கம் தெரியும் முதல் பக்கத்தில், அந்தத் தையில் மண்டபத்தில் எடுத்த பொங்கல் படத்தைப் பெரிதாகப் போட்டேன். எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருந்த அக்காவின் கணவர்தான் அதில் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, கையில் அகப்பையோடு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு. எழுபது படங்களில் கண்ணை மூடாமல் சிரித்தவர் அவர் ஒருவர்தான். அதனால் தேர்ந்தெடுத்தேன்.

மாசியில் ஒரு சனிக்கிழமை அவர் இறந்துபோனார். படியேறி வந்தவர் கதவைத் திறக்குமுன்னமே விழுந்துவிட்டார்.

ஜெர்மனியில் செத்தவரும் டெர்மின் என்று நேரம் குறித்துக் காத்திருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமைதான், வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தகனம் என்று கடிதம் வந்தது. அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. கொள்ளி வைக்கும் உரிமை கணவரின் தம்பிக்குத்தான். அந்தத் தம்பி கனடாவில், மேற்குப் பக்கம், தமிழர் அதிகம் இல்லாத ஓர் ஊரில் இருந்தார். அவருடைய கலியாணத்துக்கு அண்ணன் போகவில்லை என்று பதினொரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சொந்தக்காரர் எவரோடும் இல்லை. தொலைபேசி எண்ணும் ஒருவரிடமும் இல்லை. லண்டனில் ஒரு மச்சானிடம் மின்னஞ்சல் முகவரி மட்டும் கிடைத்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு அக்கா ஒரு மாடி இறங்கி என்னிடம் வந்தார்.

"பிள்ளை, தம்பி வந்து கொள்ளி வைக்கோணும். நான் வேற ஒண்டும் கேக்கேல்லை. நீர்தான் எழுதிப்போடோணும்."

"எழுதிறன் அக்கா. ஆனா தமிழில அனுப்பினா அங்கை எழுத்தெல்லாம் குழம்பித் தெரியும். இங்கிலிஸ் எழுத்திலதான் எழுதலாம்."

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

"இங்கிலிஸ் எழுத்தில செத்த வீடு சொல்லுறதே? என்ர மனுசன்ர சாவை அப்பிடிச் சொல்ல ஏலாது, பிள்ளை. நீர் சங்கத்தின்ரை பக்கத்தில முறையா மரண அறிவித்தல் போடும். படம் வைச்சு, பிறந்தது, இறந்தது எல்லாம் எழுதி. தம்பிக்கு அதைப் பாக்கச் சொல்லி மட்டும் எழுதும்."

எனக்கு அது சரியாகவே பட்டது. நாங்கள் எல்லோரும் அப்படித்தான். கலியாணத்தைக்கூட எப்படியும் சொல்லிவிடுவோம், சாவைச் சொல்ல ஒரு முறை வேண்டும். அறிவித்தலைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். எங்கள் எழுத்துரு இல்லாத கணினியிலும் தெரிய வேண்டுமே என்று அதை முழுவதும் ஒரு படமாகவே ஆக்கினேன். மாலை போட்ட படம், தகனம் நடக்கும் இடம், நேரம் எல்லாம் இருந்தது. பட்டியலில் 'அறிவித்தல்கள்' என்பதை அமத்தினேன். வலப்பக்கம் அழகாக வந்து நின்றது. மேலே இருந்த முகவரியை அப்படியே எடுத்து மின்னஞ்சலில் ஒட்டினேன். அதற்கு மேலே, அக்கா சொல்லச் சொல்ல, இங்கிலிஸ் எழுத்தில் இவ்வளவுதான்: அண்ணையைப் பற்றின செய்தி, கட்டாயம் பாருங்கோ, பாத்த உடனை பதில் தாங்கோ, அண்ணி.

அந்த வாரம் போல ஒரு வாரத்தை நான் பிறகு காணவில்லை. திங்கள் வகுப்பிலிருந்து நாலு தடவை மின்னஞ்சலைப் பார்த்தேன். செவ்வாய் எத்தனை தடவை என்று தெரியாது. பதில் இல்லை. எண்ணியைப் பார்த்தேன், எண்கள் ஏறிக்கொண்டே போயின. பார்த்திருக்கிறார், பார்த்திருக்கிறார் என்று மனம் அடித்துக்கொண்டது. நான் பார்க்கப் போகும் ஒவ்வொரு தடவையும் எண்ணி என்னையும் சேர்த்து எண்ணுகிறது என்பது புதன்கிழமைதான் உறைத்தது. சமைத்ததைச் சாப்பிடாமல் எழும்பி நடந்தேன். சமையலறையிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து கணினி. மேலே அக்காவின் வீட்டிலும் அதே நடை கேட்டது.

"பதில் வந்ததே?" என்று படியில் காணும்போதெல்லாம் கேட்டார்.

"இன்னும் இல்லை அக்கா."

"பாத்திருப்பார்தானே?"

"ஓம் அக்கா, பாத்திருப்பார்." வாய் கூசாமல் சொன்னேன்.

வியாழன் மாலை அக்கா கேட்கவில்லை. தலைவர் அண்ணையைக் கூப்பிட்டு, "நீங்களே செய்யுங்கோ அண்ணை," என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மழை. பெட்டியைச் சூளைக்குள் அனுப்பும் பொத்தானை அமத்துவதுதான் இங்கே கொள்ளி. தலைவர் அண்ணை அமத்தினார். அவருக்கும் இறந்தவருக்கும் சொந்தமும் இல்லை, ஒரே ஊரும் இல்லை. அக்கா அழவில்லை. வெளியே வந்து குடையை விரிக்கும்போது என்னிடம் சொன்னார்: "பாத்திட்டும் வரேல்லை. கூடப்பிறந்தது. இனி அவர் எனக்கு ஆருமில்லை." எனக்கும் அந்த முகம் தெரியாத மனிதர்மேல் பற்றிக்கொண்டு வந்தது. டிராமில் வரும் வழியெல்லாம் மனதுக்குள் அவரைத் திட்டினேன்.

வீட்டுக்கு வந்து, முழுகி, ஈரத் தலையோடு கணினியைத் திறந்தேன். பதில் வந்திருந்தது. அவரும் இங்கிலிஸ் எழுத்தில்தான் எழுதியிருந்தார்.

'அண்ணி, நீங்கள் எழுதினதை புதன்கிழமை பாத்தன். ரெண்டு நாளா என்ன எழுதுறதெண்டு தெரியேல்லை. அந்தப் பக்கத்தில எழுத்தொண்டும் எனக்கு வாசிக்க ஏலாமல் குழம்பித் தெரியுது, படம் மட்டும்தான் தெரிஞ்சது. அண்ணை அகப்பையோட சிரிக்கிறார். கொஞ்சமும் மாறேல்லை. எனக்கு அழுகை வந்திட்டுது. கோபமெல்லாம் விட்டிட்டன் எண்டு சொல்லுங்கோ. கோடைக்கு வாறன். இதுதான் என்ர நம்பர்.'

மூன்று தடவை வாசித்தேன். பிறகு கணினியை மூடித் திறந்து, அவருக்கு அனுப்பிய முகவரியை முதல் தடவையாக நானே அமத்தினேன். சுடர் ஆடியது. சங்கத்தின் பெயர் ஊர்ந்தது. வலப்பக்கம் பொங்கல் படம் வந்து நின்றது. அறிவித்தல் எங்கும் இல்லை. அது உள்ளறையில் இருந்தது. நான் கொடுத்தது வாசல் முகவரி.

ஆசிரியை சொன்னதும், நான் வாதாடியதும், அவர் தோளைக் குலுக்கியதும் எல்லாம் சேர்ந்து நினைவுக்கு வந்தன. புதன்கிழமை பார்த்திருக்கிறார். ஓடி வர நேரம் இருந்திருக்கிறது. ஐந்து நாள் ஓயாமல் நடந்த நான், ஒரே ஒரு தடவை அந்த இணைப்பை அமத்திப் பார்க்கவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த மின்னஞ்சலை அழித்துவிடலாமா என்று நினைத்தேன். கை அதன்மேல் போய் நின்றது. அழித்தால், பார்த்தும் வராதவர் என்ற பெயர் அந்த மனிதருக்கு நிலைத்துவிடும். என் பெயர் எங்கும் வராது.

அச்செடுத்துக்கொண்டு மேலே போனேன். இங்கிலிஸ் எழுத்தைக் கூட்டி வாசிக்க அக்காவுக்கு நேரம் எடுத்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. வாசித்து முடித்ததும், "அப்ப அறிவித்தல்?" என்று கேட்டார்.

"அவருக்குத் தெரியேல்லை அக்கா. நான் அனுப்பினது பிழையான இடம். பிழை முழுக்க என்னிலதான்."

அக்கா என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் தொலைபேசி அட்டையைத் தேடி எடுத்து, தாளில் இருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து அமத்தினார். அங்கே அப்போது விடிந்துகொண்டிருக்கும். மணி வெகுநேரம் அடித்தது. பிறகு நித்திரைக் குரலில் யாரோ 'ஹலோ' என்றார்கள்.

"நான்... அண்ணி கதைக்கிறன்."

மறுபக்கம் அந்தக் குரல் சிரித்தது. படத்தில் பார்த்த சிரிப்புக்கு ஒரு சத்தம் இருந்தால் அப்படித்தான் இருந்திருக்கும். ரிசீவரைத் தாண்டி, நின்ற இடத்தில் எனக்கே கேட்டது.

"அண்ணியே! பக்கத்தில நிக்கிறாரே? குடுங்கோ அண்ணி, அண்ணையிட்டைக் குடுங்கோ."

அக்கா ரிசீவரை என் பக்கம் நீட்டினார்.

நான் கதிரையை இழுத்து உட்கார்ந்து, அதை வாங்கினேன்.