கலைத்துக் கொடுக்க ஓர் ஆள்

பாரிவாக்கத்தில் இந்த ஃப்ளாட்டுக்கு நான் தனியாகக் குடிவந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. ஆபீஸ் வேலை வீட்டிலிருந்தே. பேச்செல்லாம் லேப்டாப்பில்தான், அதிலும் பாதி நேரம் மியூட்டில். பொழுது போகாமல், திருப்பித் திருப்பி நிறம் சேர்க்கும் ஆறு நிறக் க்யூப் ஒன்று வாங்கினேன்.

மூலைகள் சீக்கிரம் வசப்பட்டன. மேல் அடுக்கில் மூலைகளுக்கு நடுவே உட்காரும் விளிம்புக் கட்டைகளில் கடைசி மூன்றுதான் இடம் மாறி நின்று தண்ணி காட்டின. அவற்றைத் தொட்டால் சேர்த்து வைத்ததெல்லாம் குலையும். பயப்படாமல் முழுக்கத் திருப்பி முடித்தால் எல்லாம் திரும்ப வந்துவிடும். இது புரியவே வாரக்கணக்கில் ஆனது. புரிந்த அன்று சந்தோஷத்தில் கத்தியே விட்டேன். என்ன ஆச்சு என்று யாரும் ஓடி வரவில்லை. வர யார் இருக்கிறார்கள்?

பிறகு ஒரு சந்தேகம் வந்தது. நானே கலைத்து நானே சேர்ப்பதில் என்ன சாமர்த்தியம்? கேள்வித்தாளும் நானே, விடைத்தாளும் நானே. வேறொருவர் கலைத்துக் கொடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் போனுக்குள் இருந்தார்கள். போன் வழியாக க்யூபைத் திருப்ப முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெட்கத்தை விட்டு எதிர் வீட்டு மணியை அடித்தேன். அந்த வீட்டு அக்காவோடு லிஃப்டில் சிரித்துக்கொள்ளும் பழக்கம் மட்டும்தான். பூண்டு உரித்த கையோடு வந்து கதவைத் திறந்தார்.

"இன்னாமா, எதுனா ஓணுமா?"

"இதைக் கொஞ்சம் கலைச்சுக் கொடுப்பீங்களா அக்கா?"

"கலைக்கணுமா? அதுக்கு எங்கூட்டு ஆளுங்கள வுட்டா வேற யாரு கீறா!"

வாசலிலேயே நின்று கண்டபடி திருப்பினார்.

"போதுமா, இன்னும் கொழப்பி வுடட்டா?"

"இன்னும் கொஞ்சம்" என்றேன். க்யூப் எப்போதோ கலைந்துவிட்டது. அவர் போய்விடக் கூடாது என்றிருந்தது எனக்கு. உள்ளே குக்கர் விசில் அடித்தது. க்யூபை என் கையில் திணித்துவிட்டு, "வர்ட்டாமா" என்று போய்விட்டார்.

வந்ததும் சேர்க்க உட்கார்ந்தேன். மளமளவென்று வந்தது. கடைசி மூன்று விளிம்புகள் மட்டும் பாக்கி. எப்படித் திருப்ப வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் மனசு வரவில்லை. இந்த வீட்டில் எந்தப் பொருளும் நான் வைத்த இடத்திலேயே இருக்கும். இன்னொருவர் கை கலைத்தது என்று இருப்பது இந்த மூன்று கட்டைகள் மட்டும்தான்.

இன்று வரை அவற்றை நான் திருப்பவில்லை.