லூபென் மேசையில் வராத கோளாறு

கப்ரோவோ நகரத் தொழிற்கூடத்தில் லூபென் இஞ்சினியர் வரைந்த சர்க்யூட்டைக் குறை சொல்லும் துணிச்சல் தெமெனுகா ஒருத்திக்குத்தான் இருந்தது. கம்ப்யூட்டரில் மாட்டும் யூஎஸ்பி ஹப்பின் சாக்கெட்டுகளைக் கையால் சோல்டர் செய்து, ஒவ்வொன்றாகச் சோதித்து அனுப்புவது அவள் வேலை. பதினாறு வருட வேலை.

ஏழு சாக்கெட் கொண்ட புது யூஎஸ்பி ஹப் வந்த வாரமே எழுந்து வந்துவிட்டாள்.

"இஞ்சினியரே, ஒரு ஹார்ட் டிஸ்க் சொருகினா ஓடுது. ரெண்டாவதைச் சொருகினா எல்லா விளக்கும் அணைஞ்சு அணைஞ்சு எரியுது."

"எத்தனைல?"

"பத்துல நாலு."

லூபென் ஒன்றை வாங்கித் தன் மேசையில் மாட்டினார். இரண்டு டிஸ்க், மூன்று டிஸ்க். விளக்குகள் அசையவில்லை. கூடத்தில் பன்னிரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சர்க்யூட்டுல ஒண்ணுமில்லம்மா. சோல்டர்தான் சரியில்ல. முதல்ல கண்ணாடியை மாத்து."

யாரோ சிரித்தார்கள். லூபெனும் சிரித்தார்.

முதலில் செய்த நூறு ஹப்பையும் அவள் மறுபடி சோல்டர் செய்தாள். கோளாறு அப்படியே இருந்தது. "கை நடுங்குதோ?" என்றார் லூபென், மறுபடியும் எல்லோர் முன்னிலும். மாதக் கடைசியில் ஏப்ரனை மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

பிறகு வாடிக்கையாளர்களிடமிருந்து பெட்டிகள் திரும்பி வரத் தொடங்கின. லூபென் மூன்று வாரம் சிப்பை மாற்றினார், சாக்கெட்டை மாற்றினார். அவர் மேசையில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பெட்டி கட்டும் பென்கோதான் கேட்டான்:

"ஏன் லூபோ, நம்ம பெட்டிக்குள்ள இருக்கிற அடாப்டரை ஒரு தடவையாவது போட்டுப் பாத்தியா?"

பார்த்ததில்லை. அவர் மேசையில் இருந்தது பெரிய பவர் சப்ளை. அதிலிருந்து வந்தது சாண் நீள, விரல் தடிமன் ஒயர். பெட்டியில் இருந்ததோ ஒன்றரை மீட்டர் ஒல்லி ஒயர். தெமெனுகா சோதித்ததும் அதில்தான். மாட்டி அளந்தார். அடாப்டரில் கிளம்பிய ஐந்து வோல்ட், இரண்டாவது டிஸ்க் சுழலத் தொடங்கிய நொடியில் போர்டுக்கு நாலேகாலாகத்தான் வந்து சேர்ந்தது. அந்த நொடியைத் தாங்கியிருக்கக்கூடிய பெரிய கெப்பாசிட்டரை, அது இல்லாமலே ஓடுகிறதே, காசு மிச்சம் என்று படத்திலிருந்து அடித்தவரும் அவரேதான்.

"கதவு சீக்கிரம் சாத்தணும், சூடு வீணாகக் கூடாதுன்னு பூனை வாலை வெட்டின கஞ்ச ஊரு நம்ம ஊரு" என்றான் பென்கோ. "கெப்பாசிட்டரையா விட்டுவைப்போம்?"

லூபெனுக்குச் சிரிப்பு வரவில்லை.

குருத்தோலை ஞாயிறு வந்தது. பூவின் பெயர் கொண்டவர்களுக்கெல்லாம் அன்று பெயர்நாள் கொண்டாட்டம், வயலட் பூவின் பெயர் கொண்ட தெமெனுகாவுக்கும்தான்; வீடு தேடிப் போக அழைப்பு தேவையில்லை. ஐந்து டூலிப் மலர்களோடு லூபென் தெமெனுகா வீட்டு மணியை அடித்தார். அவள் கணவன் ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டான். கூடத்தில் அக்கம்பக்கத்தார் கோப்பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். லூபென் நேராகச் சமையலறைக்குப் போனார்.

"தப்பு என்னோடது. ஒயரு, கெப்பாசிட்டர் ரெண்டும். உன் கை இல்ல."

தெமெனுகா தட்டில் மீனை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அது எனக்கு அப்பவே தெரியும் இஞ்சினியரே. என் கை எனக்குத் தெரியாதா?"

"திரும்ப வந்துடும்மா."

"அன்னைக்குச் சொன்னது பன்னெண்டு பேரு முன்னாடி. இப்பச் சொல்றது அடுப்பு முன்னாடி." தட்டை அவர் கையில் கொடுத்தாள். "நான் பால்பண்ணைல சேந்துட்டேன். உக்காந்து சாப்பிடுங்க, மீன் ஆறிடும்."

திங்கட்கிழமை காலை லூபென் தொழிற்கூடத்தின் நடுவில் போய் நின்றார். சோல்டர் சரியாகத்தான் இருந்தது, படம்தான் தப்பு, தெமெனுகா சொன்னது முதல் நாளே சரி என்று உரக்கச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அவள் நாற்காலியில் புதிதாக உட்கார்ந்திருந்த பெண்மணி பென்கோ பக்கம் சாய்ந்து கேட்டாள்:

"தெமெனுகா யாரு?"