மாலை போட்ட விளக்கு

போன திங்கட்கிழமை ஆயுத பூஜை. பொரி கடலைக்கு ஆசைப்பட்டு மச்சினி கவிதாவின் லேபுக்குப் போனேன்... வசமாக மாட்டிக்கொண்டேன்!

கோவையிலிருந்து புனே வந்து பி.எச்.டி. செய்கிறாள் கவிதா. என்ன ஆராய்ச்சி? ஒரு மூலக்கூறு. டி.என்.ஏ.வின் நீண்ட இழையில் குறிப்பிட்ட ஓர் இடத்தைத் தேடிப்போய் உட்காரும். சும்மா உட்கார்ந்திருக்கும். புற ஊதா வெளிச்சம் பட்டதும், பசக்கென்று ஒட்டிக்கொண்டு அந்த இடத்தை மட்டும் மாற்றிவிடும்!

அந்த வெளிச்சம் தரும் விளக்கு லேபில் ஒன்றுதான். அதைத் துடைத்து, பொட்டு வைத்து, சாமந்தி மாலை போட்டவளும் கவிதாதான். கற்பூரம் காட்டி முடித்ததும் அவளுடைய கைடிடமிருந்து போன்.

"போச்சுங் மாமா! கமிட்டி புதன்கிழமையே வருதாமா. இன்னிக்கு லைட் காட்டுனாத்தான் நாளைக்குப் பூரா டெஸ்ட் பண்ண முடியும். ரிசல்ட் இல்லீன்னா ஸ்காலர்ஷிப்பை நிறுத்திப்போடுவாங்க!"

"ஸ்விட்சைப் போடேன்மா."

"பூஜையில வெச்ச சாமானை எப்படிங் மாமா தொடறது?"

அழுதேவிட்டாள்.

விஞ்ஞானிக்குமா இதெல்லாம் என்கிறீர்களா? நான் மட்டும் என்னவாம்? மாலை போட்ட ஸ்கூட்டரை விமான் நகர் வீட்டிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில்தானே வந்தேன்! நமக்குள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். ஒருவர் டி.என்.ஏ.வையே திருத்துவார். இன்னொருவர் பொட்டு வைத்த ஸ்விட்சைத் தொட மாட்டார். இருவரையும் வைத்துக்கொண்டுதான் குடும்பம் நடத்த வேண்டியிருக்கிறது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"மாமா... வெயிலுக்கு யாரும் பூஜை போடலீங்களே?"

மொட்டை மாடிக்கு ஓடினோம்! புனேயின் அக்டோபர் வெயில் மண்டையைப் பிளந்தது. ஐஸில், டி.என்.ஏ.வும் அந்த மூலக்கூறும் கலந்த டியூப். அதற்கு மேலே ஒரு ஜன்னல் கண்ணாடி — வெயிலில் உள்ள புற ஊதாவில் டி.என்.ஏ.வைக் கெடுக்கும் கதிரைத் தடுத்துவிட்டு, வேண்டியதை உள்ளே விடுமாம். லேப் உதவியாளர் ஷிண்டே காகா, "அரே, ஹட்! ஹட்!" என்று புறா விரட்டினார். நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பு தாங்கவில்லை எனக்கு... கை ஆடியதற்குத் திட்டும் வாங்கினேன்.

மறுநாள் சாயங்காலம் போன்.

"ஒட்டிக்கிச்சுங் மாமா! கரெக்டா அந்த ஒரே இடத்துல!"

அவள் அங்கே குதிக்க, நான் இங்கே குதித்தேன். என் மனைவி டிவியை அணைத்துவிட்டு எங்களோடு சேர்ந்துகொண்டாள்.

புதன்கிழமை ஸ்காலர்ஷிப்பும் நீடித்துவிட்டது. கமிட்டியில் ஒருவர் மட்டும், எந்தக் கம்பெனி விளக்கு என்று கேட்டாராம்.

"என்னம்மா சொன்னே?"

"ரொம்பப் பழைய மாடலுங்க சார், ஆனா ஒரு நாளும் ரிப்பேருக்குப் போனதில்லீங்கன்னு சொன்னேன்!"